வாலையை வாங்குமுன் குளிர்விப்பானை அளப்போம்

எலுமிச்சைப்புல், பாமரோசாப் புல், தைல இலை, வெட்டிவேர் முதலிய வாசனைப் பயிர்களை விளைவிப்போர், அவற்றைப் பச்சையாக விற்றுவிடாமல், தம் சங்கத்தின் வாலையிலேயே காய்ச்சி வடித்து எண்ணெயாக விற்க முன்வருவது பெரிதும் வரவேற்கத்தக்கதாகும். விளைபொருளைப் பக்குவப்படுத்துவதால் கிடைக்கும் ஆதாயம் விளைவித்தவருக்கே சேர வேண்டும் என்பது கூட்டுறவின் அடிப்படைக் கொள்கை. ஆயினும், இத்தகைய வாலைகளை வாங்கும் முறையில் ஒரு குறை நெடுநாளாக இருந்து வருகிறது. கலத்தின் கொள்ளளவையும், கொதிகலனின் ஆற்றலையும், விலையையும் நிர்வாகக் குழுக்கள் நுணுகி ஆராய்கின்றன. ஆவியை மீண்டும் நீராக்கும் குளிர்விப்பானைப் பற்றியோ, 'உடன் தரப்படும்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகின்றன. கண்டென்சர் என்று பட்டறைகளில் வழங்கும் இக்கருவியைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுக்காத சங்கம், தன் அங்கத்தினரின் விளைச்சலில் ஒரு பகுதியைக் காற்றுக்குத் தானம் செய்கிறது என்பதே நம் கருத்து.

நல்ல இரகத்துக்காக நம் நாட்டில் செய்யப்பட்ட முயற்சி சிறிதன்று. கேரளத்தின் ஓடக்காலியில் 1951ஆம் ஆண்டிலேயே எலுமிச்சைப்புல்லுக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. இலக்னோவில் 1959இல் மருந்துப் பயிர்களுக்கும் வாசனைப் பயிர்களுக்கும் ஒரு மத்திய நிறுவனம் ஏற்பட்டது. இவற்றின் பயனாக எண்ணெய் மிகுந்த இரகங்கள் உழவர் கைக்கு வந்தன. ஆனால் நூறு கிலோ பசும்புல்லில் கிடைப்பது ஏறக்குறைய அரைக் கிலோ எண்ணெய்தான். இவ்வளவு அருமையாகக் கிடைக்கும் பொருளில், பத்தில் ஒரு பங்கு வாலைக்கூடத்தின் கூரைவழியே போய்விடுமானால், இரகத்தைத் தேடிய உழைப்பும், களை எடுத்த கூலியும், பாய்ச்சிய நீரும் அந்த அளவுக்கு வீணாயின என்றே கொள்ள வேண்டும்.

குளிர்விப்பானை ஒரு துணைக் கருவியாக எண்ணுவது பிழை என்பதற்கு எந்திர வரலாறே சான்று. ஜேம்ஸ் வாட் 1769இல் பெற்ற புகழ்பெற்ற காப்புரிமை தனிக் குளிர்விப்பானுக்கே உரியது. அதற்கு முந்திய எந்திரங்கள் ஒரே உருளையை மாறிமாறிச் சூடேற்றியும் குளிரவைத்தும் எரிபொருளை விழுங்கின. ஆவியைக் குளிர்விக்கும் வேலையை அவர் வேறோர் இடத்துக்கு மாற்றியதும் செலவு பெரிதும் குறைந்தது. பின்னாளில் பஞ்சாலைகளை ஓட்டி, கைத்தறியாளரின் வாழ்வையே மாற்றிய நீராவி எந்திரத்தின் வெற்றி, கொதிகலனில் மட்டுமன்றிக் குளிர்விப்பானிலும் இருந்தது என்பது நம் நெசவாள அன்பர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

வாலையில் நடப்பது யாது? கொதிகலனிலிருந்து வரும் நீராவி புல்லினூடே செல்கிறது. இலையிலுள்ள எண்ணெய் ஆவியாகி அதனோடு கலந்து மேலெழுகிறது. இக்கலவை குளிர்விப்பானுள் புகுந்து, நீரும் எண்ணெயுமாக மாறி, பிரிகலத்தில் விழுகிறது. அங்கே எண்ணெய் மிதந்து பிரிகிறது. குளிர்விப்பான் சிறிதாயிருப்பின் இரண்டு வகையில் நட்டம் நேரும். ஆவி முழுவதும் நீராகாமல் புகையாக வெளியேறுவது ஒன்று. இது கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் எட்டும். ஆவியெல்லாம் நீராகியும், அந்நீர் கொதிக்கக் கொதிக்க விழுவது மற்றொன்று. இதைப் பலர் குறையாகவே கருதுவதில்லை. ஆனால் சூடான வடிநீரிலிருந்து எண்ணெய் ஓயாமல் ஆவியாகும். நீரில் கரைந்து போகும் பங்கும் மிகும். பிரிகலத்தில் கலக்கம் ஏற்பட்டு, துளிகள் நீரோடு ஓடிவிடும்.

இனிக் கணக்கைக் காண்போம். எழுத்தறிந்த அங்கத்தினர் எவரும் இதைச் செய்து பார்க்கலாம். மணிக்கு 100 கிலோ நீராவி செலுத்தும் ஒரு வாலையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ நீராவி 100 டிகிரியிலேயே நீராக மாறும்போது ஏறக்குறைய 540 கிலோ கலோரி வெப்பத்தை விடுகிறது. ஒரு லிட்டர் நீரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த வேண்டிய வெப்பமே ஒரு கிலோ கலோரி. ஆகவே 100 கிலோ ஆவியை நீராக்க 54,000 கிலோ கலோரியை நீக்க வேண்டும். அந்நீரை 100 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் குளிரச்செய்ய மேலும் 6,000 கிலோ கலோரி. ஆக மணிக்கு 60,000 கிலோ கலோரி. எண்ணெயின் பங்கு மிகச் சிறிதாதலால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டுவதில்லை.

இவ்வெப்பத்தை ஏற்றுக்கொள்ள எவ்வளவு நீர் தேவை? குளிர்நீர் 30 டிகிரியில் புகுந்து 50 டிகிரியில் வெளியேறுவதாகக் கொண்டால், ஒவ்வொரு லிட்டரும் 20 கிலோ கலோரியைச் சுமந்து செல்லும். எனவே மணிக்கு 3,000 லிட்டர் வேண்டும். கிணற்று நீரின் சூட்டை மார்கழியில் அளந்து கணக்கிடுவது தவறு. சித்திரையில் அளந்ததையே கொள்ள வேண்டும்.

அடுத்தது வெப்பம் கடந்து செல்லும் உலோகப் பரப்பு. இதற்கு மூன்று எண்கள் போதும்: நீக்க வேண்டிய வெப்பம், ஆவிக்கும் நீருக்கும் இடையேயுள்ள சராசரிச் சூட்டு வேற்றுமை, ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே ஒரு டிகிரி வேற்றுமைக்கு ஒரு மணியில் கடக்கும் வெப்பம். முதல் எண்ணை மற்ற இரண்டின் பெருக்கற்பலனால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். ஆவி நீராகும் பகுதியில் சராசரி வேற்றுமை சுமார் 58 டிகிரி. கடக்கும் வெப்பத்தை, நாட்பட்ட பயன்பாட்டையும் கருதி, 500 கிலோ கலோரி என்று எச்சரிக்கையாகக் கொள்ளலாம். அப்படியாயின் 54,000 கிலோ கலோரிக்கு ஏறக்குறைய 1.9 சதுர மீட்டர் தேவைப்படும். வடிநீரைக் குளிரச்செய்யும் பகுதியிலோ சராசரி வேற்றுமை 30 டிகிரிதான். மெல்ல வழியும் நீரிலிருந்து வெப்பம் எளிதில் கடப்பதுமில்லை. 150 கிலோ கலோரி என்று கொள்வதே பாதுகாப்பு. ஆகவே 6,000 கிலோ கலோரிக்கு 1.3 சதுர மீட்டர் வேண்டும். இரண்டும் சேர்ந்து 3.2. அழுக்குப் படிவதற்கும் நீர் குறைவதற்கும் கால் பங்கு கூட்டினால் 4 சதுர மீட்டர்.

இதிலுள்ள ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்க வேண்டும். கடைசிப் பகுதியில் நீக்கப்படும் வெப்பம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கே. அதற்கு வேண்டிய பரப்போ ஐந்தில் இரண்டு பங்கு. விலையைக் குறைக்க விரும்பும் பட்டறை கை வைக்கும் இடம் இதுவே. 2 சதுர மீட்டரில் செய்து கொடுத்துவிட்டால், ஆவி வெளியே தெரியாது. சோதனை நாளன்று எல்லாரும் மகிழ்வர். வடிநீர் மட்டும் 80 டிகிரிக்கு மேல் சுடச்சுட விழும். நட்டம் கண்ணுக்குத் தெரியாமல் ஆண்டுதோறும் தொடரும்.

இதற்குப் பட்டறையாரை மட்டும் பழிப்பது நியாயமன்று. 'இத்தனை கிலோ புல் கொள்ளும் வாலை ஒன்று' என்று மட்டும் எழுதி விலைப்புள்ளி கேட்டு, குறைந்த விலைக்காரருக்கு உத்தரவு அளிப்பது நம் சங்கங்களே. கலத்தின் அளவைக் குறைத்தால் உடனே தெரிந்துவிடும். குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் தெரியாது. தக்க பரப்போடு செய்து தர விரும்பும் நேர்மையான பட்டறை, விலை கூடியதால் தோற்கிறது. குறைத்துச் செய்பவர் வெல்கிறார். சிக்கனம் என்று நாம் எண்ணும் முறையே நாணயத்தைத் தண்டிக்கிறது. குற்றம் ஆளிடத்தில் இல்லை, நாம் கேட்கும் முறையில் இருக்கிறது.

எவ்வகைக் குளிர்விப்பானைத் தேர்ந்தெடுப்பது என்பது அடுத்த வினா. நீர்த்தொட்டியுள் அமிழ்ந்த சுருள்குழாய் பழமையானது. செய்யவும் பழுதுபார்க்கவும் எளிது. சிறு வாலைக்கு அது போதும். ஆனால் ஓரங்குல உள்விட்டமுள்ள குழாயில் 4 சதுர மீட்டர் பரப்பைப் பெற 50 மீட்டர் நீளம் வேண்டும். வழக்கமாகக் காணும் பத்து மீட்டர்ச் சுருளில் 0.8 சதுர மீட்டர்தான் இருக்கும். அன்றியும், ஒரு கிலோ நீர் ஒரு லிட்டர் இடத்தில் அடங்கும். அதே ஒரு கிலோ ஆவியாகும்போது ஏறக்குறைய 1,670 லிட்டர் இடத்தைக் கொள்ளும். மணிக்கு 100 கிலோ ஆவி அந்த ஒற்றைக் குழாயில் நுழைய வேண்டுமானால் விநாடிக்கு 90 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். அது இயலாதபோது வாலையில் எதிரழுத்தம் ஏறும். மூடியின் விளிம்பில் ஆவி கசியும். வேலை செய்வோருக்கும் ஆபத்து. நல்ல சுருள்கள் மேலே அகன்றும் கீழே குறுகியும் அமைக்கப்பட்டதன் காரணம் இதுவே.

ஓர் உறையினுள் பல குழாய்களை நிறுத்திய வெப்பமாற்றியே சங்கத்தின் அளவிலுள்ள வாலைக்குப் பொருந்தும். 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள குழாய் ஒன்றுக்குப் பரப்பு 0.157 சதுர மீட்டர். ஆகவே 26 குழாய்களில் 4 சதுர மீட்டர் கிடைத்துவிடும். ஆவி 26 வழிகளில் பிரிவதால் அதன் வேகம் விநாடிக்கு ஐந்து மீட்டருக்கும் குறைந்துவிடும். ஆவி மேலிருந்து குழாய்களினுள் கீழே வரவும், நீர் உறையின் அடியில் புகுந்து மேலே செல்லவும் அமைத்தால், மிகக் குளிர்ந்த நீர் வடிநீரைக் கடைசியாகத் தொடும். இவ்வெதிரோட்டம் கெட்டால் மேற்கூறிய கணக்கும் கெடும்.

பால் குளிரூட்டும் நிலையங்களில் கழிக்கப்பட்ட தட்டு வெப்பமாற்றிகளை மலிவாக வாங்கிப் பயன்படுத்தலாம் என்று யோசனை கூறுவோரும் உண்டு. பரப்பளவை மட்டும் பார்த்தால் அது ஆசை காட்டும். ஆனால் அது திரவத்துக்கும் திரவத்துக்கும் இடையே வெப்பம் மாறச் செய்யப்பட்டது. அதன் வாயும் தட்டிடைவெளியும் பெருகிய ஆவிக்குப் போதா. தட்டுகளின் நடுவேயுள்ள இரப்பர் வளையங்களில் பல வகைகள் வாசனை எண்ணெய் பட்டால் உப்பிக் கெடும். ஒன்றுக்கென அளந்து செய்த வெப்பமாற்றியை மற்றொன்றுக்குப் பூட்டுவது, வேட்டிக்குக் கட்டிய பாவில் சேலை நெய்ய முயல்வதை ஒக்கும்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. செம்பு வெப்பத்தை எளிதிற் கடத்துவதால் செம்புக் குழாயே வேண்டும் என்பர். துருப்பிடிக்காத எஃகைவிடச் செம்பு பன்மடங்கு கடத்தும் என்பது மெய்யே. எனினும் ஒன்றரை மில்லிமீட்டர்ச் சுவர் தடுக்கும் வெப்பம் மொத்தத் தடையில் இருபதில் ஒரு பங்கையே ஒட்டியது. செம்பு எண்ணெயின் நிறத்தைக் கெடுக்கலாம், இரும்பு துருவேற்றும். ஆகவே எஃகையே கொள்வோம். உண்மையான தடை வேறு. உப்பு நீரால் ஒரு மில்லிமீட்டர்ச் சுண்ணப்படிவு ஏறிவிட்டால், வெப்பம் கடக்கும் ஆற்றல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும். கடின நீருள்ள ஊர்களில், குழாய்க்கட்டை வெளியே உருவிச் சுரண்டத்தக்கவாறு அமைக்கும்படி கேட்க வேண்டும். பற்றவைத்து மூடப்பட்ட உறை, முதல் ஆண்டில் மட்டும் மலிவு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். 'சிறு உழவர்களின் சங்கத்துக்கு இவ்வளவு செலவு ஏன்? குளிர்விப்பான் சிறிதாயின் நீரைக் கூடுதலாக விட்டால் போகிறது. அல்லது தீயைக் குறைத்தால் போகிறது' என்பர். இதற்கும் கணக்கே விடை கூறட்டும். நீரை 3,000 லிட்டரிலிருந்து 6,000 லிட்டராக இரட்டித்தால், ஆவி நீராகும் பகுதியில் சராசரிச் சூட்டு வேற்றுமை 58 டிகிரியிலிருந்து 64 டிகிரிக்கே உயரும். இரு மடங்கு நீருக்குக் கிடைக்கும் பலன் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. தீயைக் குறைத்தால் எண்ணெய் இழப்புக் குறையும் என்பது உண்மை. ஆனால் 2 சதுர மீட்டர்க் குளிர்விப்பானுக்கு ஏற்ப ஆவியை அடக்கினால் மணிக்கு 60 கிலோ அளவில் நிற்க வேண்டும். மூன்று மணியில் முடிய வேண்டிய வடிப்பு ஐந்து மணியாகும். வாலைக் கூடத்தின் வாயிலில் அறுத்த புல் குவிந்து புழுங்கும். முறை வராத அங்கத்தினர் வெளி வியாபாரியிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார். கருவியில் தொடங்கிய குறை, சங்கத்தின் ஒற்றுமையில் வந்து முடியும். வரிசையில் பின்னே நிற்பவர் பெரும்பாலும் சிறு உழவரே ஆதலால், சிறு குளிர்விப்பானால் முதலில் பாதிக்கப்படுபவரும் அவரே.

எல்லா எண்ணெய்க்கும் 40 டிகிரி என்பது விதியன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெட்டிவேர் எண்ணெய் கெட்டியானது. அதன் எடை நீரின் எடையை ஒட்டியிருப்பதால், வடிநீர் சற்றுச் சூடாக விழுந்தால்தான் நன்கு பிரியும். பெரிய குளிர்விப்பானில் நீரை மட்டுப்படுத்தி இதைச் செய்துகொள்ளலாம். சிறிய குளிர்விப்பானைப் பெரிதாக்க வழியில்லை.

மணிக்கு 3,000 லிட்டர் நீர் என்றதும் வறண்ட ஊரினர் அஞ்சலாம். இந்நீர் அழிவதில்லை, சூடேறுவதே அதற்கு நேரும் மாற்றம். ஒரு குளிர்கோபுரத்தின் வழியே சொட்டவிட்டு மீண்டும் பயன்படுத்தினால், காற்றில் ஆவியாகிப் போவது மணிக்கு 100 லிட்டரை ஒட்டியதும், உப்பு மிகாமலிருக்க அவ்வப்போது வெளியேற்றும் சிறிதளவுமே. இதைவிட நல்ல வழி, ஒரே வளவில் வாலையும் சாயக்கூடமும் உள்ள சங்கங்களுக்கு உண்டு. இரண்டு வடிப்புக்கு ஆறு மணி நேரம் என்று கொண்டால், நாளொன்றுக்கு 50 டிகிரிச் சூட்டில் 18,000 லிட்டர் நீர் கிடைக்கிறது. நூலை அலசவும், சாயத் தொட்டிக்கு முதற்சூடு ஏற்றவும் அதைக் கொள்ளலாம். அதே வெப்பத்தைப் பாதி வீணாகும் அடுப்பில் பெற, மணிக்குச் சுமார் 30 கிலோ விறகு எரிய வேண்டும். புல் வளர்த்தவர் கழிக்கும் சூடு நூல் தோய்ப்பவருக்கு விறகாகிறது. உழவரும் நெசவாளரும் ஒரே சங்கத்தில் இருப்பதன் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு அரிது.

இனிச் செய்ய வேண்டுவது யாது? விலைப்புள்ளி கோரும் ஓலையிலேயே ஐந்து செய்திகளை எழுத வேண்டும்: மணிக்குச் செலுத்தும் ஆவியின் எடை, கோடையில் நம் நீரின் சூடு, நாம் தரக்கூடிய நீரின் அளவு, வடிநீர் எத்தனை டிகிரியில் விழ வேண்டும் என்பது, நீரின் கடினத்தன்மை. இவற்றுக்குரிய பரப்பையும், குழாய்களின் எண்ணிக்கை, நீளம், விட்டம், உலோகம் ஆகியவற்றையும் பட்டறையார் எழுத்தில் தர வேண்டும். அப்போதுதான் விலைகளை ஒப்பிடுவது பொருளுடையதாகும்.

கருவி வந்தபின் சோதனையும் எளிதே. ஒரு வாளி, ஒரு கடிகாரம், ஒரு வெப்பமானி போதும். முழு ஆவி ஓடும்போது வடிநீரைப் பத்து நிமிடம் பிடித்து அளக்க வேண்டும். பதினாறு, பதினேழு லிட்டர் இருந்தால் மணிக்கு 100 கிலோ ஆவி நீராகிறது என்று பொருள். அதன் சூட்டை அளக்க வேண்டும். குளிர்நீரின் அளவையும், அது புகும்போதும் வெளியேறும்போதும் உள்ள சூட்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். நீர் ஏற்ற வெப்பமும் ஆவி விட்ட வெப்பமும் ஏறக்குறைய ஒத்தால் அளவைகள் சரி. பகல் இரண்டு மணிக்கு, வெயில் நாளில், சில அங்கத்தினர் முன்னிலையில் இச்சோதனையை நடத்தி, வடிநீர் குறித்த சூட்டில் விழுந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பது முறை. இந்நிபந்தனையை உத்தரவிலேயே எழுதிவிட்டால் பின்னர் மனக்கசப்புக்கு இடமிராது. ஆண்டுக்கு ஒருமுறை அதே சோதனையைச் செய்து பழைய எண்களோடு ஒப்பிட்டால், படிவு ஏறியதும் தெரிந்துவிடும்.

இவற்றுக்குப் பொறியியற் பட்டம் தேவையில்லை. பாவின் இழைகளை எண்ணத் தெரிந்தவருக்கும், மடைநீரை முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்தவருக்கும் இக்கணக்கு எட்டாததன்று. வாலை வாங்கும் தீர்மானம் பொதுக்குழுவின் முன் வரும்போது, 'குளிர்விப்பானின் பரப்பு எத்தனை சதுர மீட்டர்? அதை யார், எப்படிக் கணக்கிட்டார்?' என்று ஓர் அங்கத்தினராவது எழுந்து கேட்க வேண்டும். விடை எழுத்தில் கிடைக்கும்வரை தீர்மானத்தை ஒத்திவைப்பது நிர்வாகத்தின்மீது ஐயம் கொள்வதாகாது. பலருடைய பங்குத்தொகையைக் காக்கும் கடமையே அது என்பதை நம் சங்கங்களுக்கு வலியுறுத்திக் கூற விரும்புகிறோம்.